தட்டைப் பார்க்கிறவள்

என் எதிரே உட்கார்ந்து யார் சாப்பிட்டாலும் என் கண் அவர் முகத்துக்குப் போகாது; தட்டுக்குத்தான் போகும். சாம்பாரைத் தோசை மேல் ஊற்றுகிறாரா, பக்கத்தில் ஊற்றுகிறாரா, பரிமாறிய ஆளை ஒரு தடவையாவது நிமிர்ந்து பார்த்தாரா என்று மனம் தானாகக் குறித்துக்கொண்டிருக்கும். நாகரிகமில்லாத பழக்கம் என்று தெரியும். போன மாதம் ஒருவர் தன் தட்டில் ஏதாவது பூச்சி விழுந்துகிடக்கிறதா என்று என்னிடம் கேட்டே விட்டார். இந்தப் பழக்கத்தை என் தலையில் கட்டிவிட்டுப் போனவள் ஒருத்தி உண்டு. பெயர் வேண்டாம். இன்றைக்கும் பாறசாலைப் பக்கம்தான் இருக்கிறாள். பெயர் போட்டு எழுதினேன் என்று தெரிந்தால் பஸ் ஏறி வந்து காதைத் திருகிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள்.

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய கதை. திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில் எங்கள் அலுவலகத்திலிருந்து வெளியே வந்து, நெடுஞ்சாலையை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தாண்டினால் அந்தத் தட்டுக்கடை. நம்மூர் தள்ளுவண்டிக் கடைக்கு ஒரு படி மேல். தகரக் கூரை, இரண்டு மேஜை, நான்கு பெஞ்சு. மாலை ஐந்து மணிக்குக் கல் காயத் தொடங்கும். கடைக்காரரை எல்லோரும் சேட்டன் என்போம். இப்போது அந்த இடத்தில் மேம்பாலத்தின் தூண் நிற்கிறது. சேட்டன் வேறெங்கோ போய்விட்டார்.

நான் சாத்தான்குளத்துக்காரன். வேலையில் சேர்ந்த முதல் வாரம், மலையாளத்தில் ஒரு வார்த்தை தெரியாது. அவள் எனக்கு ஒரு வருடம் முன்னால் சேர்ந்தவள். ஒரே குழு, பக்கத்து நாற்காலி. தமிழ்க்காரன் ஒருவன் மதியம் முழுக்க பிஸ்கட் தின்றுகொண்டிருக்கிறானே என்று இரக்கப்பட்டு அன்று மாலை என்னைக் கடைக்குக் கூட்டிப்போனாள். சேட்டன் வந்து நின்று ஒரே மூச்சில் ஒரு பட்டியலை ஒப்பித்தார். தோசை, பொறோட்டா என்ற இரண்டைத் தவிர எனக்கு எதுவும் பிடிபடவில்லை. அவள் தனக்கு இரண்டு தோசை, ஒரு ரசவடை, ஒரு டபுள் ஆம்லெட் சொன்னாள். சேட்டன் என் பக்கம் திரும்பினார்.

“எனக்கும் அதே,” என்றேன்.

ரசவடை என்பது திருவனந்தபுரத்துக்காரர்கள் உயிரை விடும் சமாசாரம். நல்ல மொறுமொறுப்பான பருப்பு வடையை எடுத்து ரசத்தில் போட்டு, அது ஊறி உப்பித் தன்மானம் இழந்த பிறகு தோசைக்குத் துணையாகத் தருவார்கள். எனக்கு வடை என்றால் கடிக்கும்போது சத்தம் கேட்க வேண்டும். ஊறிய வடையைப் பார்த்தாலே குமட்டும். ஆனால் அன்று புது இடம், புதுப் பெண். கண்ணை மூடிக்கொண்டு முழுங்கினேன்.

அவள் சாப்பிட்டதைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் பெண்கள் சாப்பிட்டு நான் பார்த்ததே குறைவு. ஆண்கள் எழுந்த பிறகு அடுப்படியில் எப்போதோ நடந்து முடிந்துவிடும். இவளோ பெஞ்சில் சம்மணம் போடாத குறையாக உட்கார்ந்து, ஐந்து விரலையும் இறக்கி, தோசைக்குள் ரசவடையைப் பிசைந்து, அதன் மேல் சம்மந்தி என்கிற தேங்காய்ச் சட்னியை ஊற்றி, முதல் ஐந்து நிமிடம் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டாள். நான் ஏதோ கேட்டேன். “திங்கும்போ திங்கணும். கத பின்ன பறயலாம்,” என்றாள். எல்லையோரப் பாறசாலைப் பேச்சு அப்படி. ஒரு கால் தமிழிலும் ஒரு கால் மலையாளத்திலும் நிற்கும்.

பிறகு கதை பறைந்தாள். எல்லாம் மற்றவர்கள் தட்டைப் பற்றிய கதை. எங்கள் மேனேஜர் தோசையை முள்கரண்டியால் ஒரே அளவு சதுரமாக வெட்டி வைத்துவிட்டுத்தான் சாப்பிடத் தொடங்குவாராம். அவரிடம் அவசர லீவு கேட்டுப் பயனில்லை, பத்து நாள் முன்னால் எழுதிக் கொடுத்தால் ஒரு கேள்வியும் இல்லாமல் கிடைக்கும் என்றாள். அது அப்படியே நடந்தது. முட்டையைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்துச் சாப்பிடுகிற ஒரு பையனைக் காட்டி, இவனுக்கு எதையும் உடனே செய்ய மனம் வராது என்றாள். அவன் இரண்டு மாதமாக ராஜினாமாக் கடிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தது பிற்பாடு தெரியவந்தது. இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டால் அவளிடம் ஒரே பதில்தான். வாயில் சோறு இருக்கும்போது மனுஷன் எப்படிப் பொய் சொல்லுவான் என்பாள்.

தப்பும் செய்வாள். வாசல் காவலுக்கு அசாமிலிருந்து வந்த ஒருவர் இருந்தார். கடைக்கு வந்தால் கடைசி பெஞ்சில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, இடது கையால் தட்டை அணை கட்டிக்கொண்டு அவசர அவசரமாகச் சாப்பிடுவார். கள்ள முழி, இந்த ஆளை நம்பக் கூடாது என்று அவள் தீர்ப்பு எழுதிவிட்டாள். ஒரு நாள் இடம் இல்லாமல் அவர் பக்கத்திலேயே உட்காரவேண்டி வந்தது. தனக்குத் தெரிந்த இந்தியில் பேச்சுக் கொடுத்திருக்கிறாள். திரும்பி வரும்போது முகம் செத்துப்போயிருந்தது. கூடப்பிறந்தவர்கள் ஏழு பேராம். கையை அப்படி வைக்காவிட்டால் தட்டில் ஒன்றும் மிஞ்சாதாம் என்றாள். அந்த வாரம் முழுக்க அவள் யார் தட்டையும் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து தன் தோசையை மட்டும் சாப்பிட்டாள். அதன் பிறகு அந்தக் காவல்காரர் வந்தால் எழுந்துபோய் அவருக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்வாள். அவருடைய இடது கை சும்மா இருக்கட்டும் என்று.

இப்படிப்பட்டவளிடம் மனதைப் பறிகொடுக்காமல் என்ன செய்வது? கொடுத்தேன். சேர்ந்த மூன்றாவது மாதமே கொடுத்துவிட்டேன். இரண்டு வீட்டுக்கும் ஒரே கிறிஸ்தவ சபை. சாதி, படிப்பு, சம்பளம் என்று யாரும் மூக்கை நுழைக்க இடமில்லை. அம்மாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாறசாலைக்கு வண்டி ஏறிவிடுவாள். ஆனால் அவள் என் தட்டைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்று தெரியாமல் எப்படிக் கேட்பது? ஊரில் உள்ள எல்லோர் தட்டையும் பிரித்து மேய்கிறவள், என் தட்டைப் பற்றி மட்டும் ஒன்றுமே சொல்வதில்லை. அதை நான் நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டேன்.

அதனால் மிகவும் கவனமாக இருந்தேன். மலையாளம் வராத பயம் மூன்று மாதத்தில் போயிற்று, ‘அதே’ போகவில்லை. அவள் தோசை என்றால் எனக்கும் அதே. புட்டும் கடலையும் என்றால் அதே. கப்பைக்கிழங்கும் மீன்கறியும் என்றால் அதே. அவள் எவ்வளவு மீதம் வைக்கிறாளோ அவ்வளவு மீதம். பால் விடாத கட்டன் சாயாவுக்கு அவள் சர்க்கரை குறைத்தபோது நானும் குறைத்தேன். ரசவடையை மட்டும் முதலிலேயே இரண்டு வாயில் தீர்த்துவிட்டு மற்றதுக்குப் போவேன். சில நாள், “வேற வல்லதும் வேணுமாலே?” என்று கேட்பாள். வேறு ஏதாவது என்று அர்த்தம். அதே போதும் என்பேன். ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்வாள். அந்த ஒரு கணத்தை வைத்துக்கொண்டு நான் ஒரு வாரம் ஓட்டுவேன்.

சனிக்கிழமை அவள் ஊருக்குப் போய்விடுவாள். அன்று மாலை நான் தனியாகக் கடைக்குப் போய், எண்ணெய்ச் சட்டியிலிருந்து எடுத்த சூடோடு நான்கு வடை வாங்கி, சத்தம் கேட்கக் கடித்துத் தின்பேன். சேட்டன் ஒன்றும் கேட்க மாட்டார். மீசைக்குள் சிரித்துக்கொள்வார்.

இரண்டு வருடம் ஆகப்போகும்போது அவள் வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினார்கள். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். பெண்ணின் நிபந்தனையைக் கேட்டு அவர் தலையில் கை வைத்துக்கொண்டாராம். வீட்டுக்கு வந்து மிக்சரும் கேக்கும் சாப்பிட்டு யார் வேண்டுமானாலும் பார்த்துவிட்டுப் போகட்டும். சரி சொல்வதற்கு முன்னால் ஒரு மாலை அந்த ஆள் கழக்கூட்டம் வந்து தட்டுக்கடையில் தன்னோடு சாப்பிட வேண்டும். இதுதான் நிபந்தனை. வெள்ளித் தட்டு வைத்துப் பெண் பார்ப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். சில்வர் தட்டில் மாப்பிள்ளை பார்த்தது எனக்குத் தெரிந்து இவள் ஒருத்திதான்.

பக்கத்து பெஞ்சில் தெரியாதவன் மாதிரி நான் உட்கார வேண்டும். ஆள் போன பிறகு என் அபிப்பிராயத்தையும் சொல்ல வேண்டும். இந்த வேலைக்கு என்னை நியமித்தது கடவுள் பண்ணின கேலி என்றுதான் நினைக்கிறேன். நான் ஒருத்தனுக்கும் நல்ல வார்த்தை சொன்னதில்லை.

முதலில் வந்தவன் மஸ்கட்டில் வேலை பார்ப்பவன். தட்டை டிஷ்யூ தாளால் துடைத்தான், கொதிக்கவைத்த தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டான். அதற்காகத்தான் தள்ளுவாள் என்று நினைத்தேன். அவளுக்கு அதெல்லாம் பெரிய குற்றமில்லை. “வெள்ளம் அவனுக்கு மட்டும் கேட்டான், கேட்டியா? நானும் எதிர்ல இருக்கேன்லா?” என்றாள். இரண்டாவது ஆள் நன்றாகவே சாப்பிட்டான், சிரிக்கச் சிரிக்கப் பேசினான். இடையில் சேட்டனை விரலைச் சொடுக்கிக் கூப்பிட்டான். அவ்வளவுதான், அவள் முகம் மூடிக்கொண்டது.

மூன்றாவது ஆள் மிகவும் சாது. என்ன வேண்டும் என்று கேட்டதற்கு எது கொடுத்தாலும் சாப்பிடுவேன் என்றான். கொடுத்ததை எல்லாம் சாப்பிட்டான். தட்டைக் கழுவிய மாதிரி வைத்துவிட்டுப் போனான். எனக்குப் பயமாகிவிட்டது. இவனிடம் குறை சொல்ல ஒன்றும் இல்லையே என்று. அவள் சாயாவை உறிஞ்சிக்கொண்டே தலையை ஆட்டினாள். “எது குடுத்தாலும் திங்கிறவனுக்கு நான் என்னத்தலே சமைக்க?” என்றாள். நான் மேஜையைத் தட்டிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. நான் எவ்வளவு பெரிய மடையன் என்பதற்கு அந்தச் சிரிப்பு ஒன்றே போதும்.

நான்காவது ஆள் வந்த அன்று மழை. நெய்யாற்றின்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவர். பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்ததில் பாதி நனைந்திருந்தார். சட்டை தோளில் ஒட்டிக்கொண்டிருந்தது, பார்ப்பதற்கு ஒன்றும் பெரிதாக இல்லை. நான் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். அவள் வழக்கம்போல இருவருக்கும் தோசை, ரசவடை, டபுள் ஆம்லெட் சொன்னாள். சேட்டன் எனக்கும் அதையே கொண்டுவந்து வைத்தார். என்னைக் கேட்பதை அவர் நிறுத்தி வெகுகாலம் ஆகியிருந்தது.

அந்த ஆள் தட்டைப் பார்த்தார். ரசவடையை விரலால் ஓரமாக ஒதுக்கினார்.

“தப்பா எடுக்கக் கூடாது. ஊறின வடை எனக்கு ஆகாது. ஊறாத வடை ரெண்டு இருந்தா தரச் சொல்லுவீங்களா?” என்றார்.

என் கையில் ரசவடை இருந்தது. வாய்க்குக் கொண்டுபோகவும் முடியவில்லை, வைக்கவும் முடியவில்லை. இரண்டு வருடமாக என் நாக்கின் நுனியில் நின்ற வாக்கியத்தை, மழையில் நனைந்து வந்த ஒருவர் இரண்டே நிமிடத்தில் சொல்லிவிட்டார். அவள் கோபித்துக்கொள்வாள் என்று ஒரு நப்பாசை. கோபித்துக்கொண்டாள்தான். ரசவடை பிடிக்காதவன் திருவனந்தபுரம் ஜில்லாவில் இருப்பானா என்று சண்டைக்குப் போனாள். அவரும் விடவில்லை, மொறுமொறுப்பைக் கொல்வது பாவம் என்று பாடம் நடத்தினார். முதல் ஐந்து நிமிடத்துக்குள் அவள் பேசி நான் பார்த்தது அன்றுதான். அவர் ஒதுக்கிய ரசவடையைத் தன் தட்டுக்கு எடுத்துக்கொண்டாள். சேட்டன் சூடான வடையைக் கொண்டுவந்து வைத்தபோது அவர் நிமிர்ந்து பார்த்து நன்றி சொன்னார், அவள் பக்கம் ஒன்றை நகர்த்தினார். அவள் கடித்தாள். சத்தம் எனக்குக் கேட்டது.

அவர் பஸ் ஏறிப் போன பிறகு அவள் என் மேஜைக்கு வந்து எதிரே உட்கார்ந்தாள். மழை விட்டு வெளிச்சம் வந்திருந்தது. எப்படி என்று கேட்டாள். பிடிவாதக்காரர் மாதிரி தெரிகிறது என்றேன். ஆமாம் என்றாள். அதை அவள் குறையாகச் சொல்லவில்லை என்று புரிந்தது. இதற்கு மேல் காத்திருந்தால் ஒன்றும் மிஞ்சாது என்று தோன்றியது.

“எங்கம்மாவ உங்க வீட்டுக்கு வரச் சொல்லட்டுமா?” என்று கேட்டேன்.

அவள் அதிர்ச்சி அடையவில்லை. சாயா கிளாசை மேஜையில் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

“லே, ரெண்டு வருஷம் உன் தட்டப் பாத்தேன். என் தட்டுதான் அங்கயும் இருந்துச்சு. உன்ன நான் எங்க போயிப் பாக்க?”

எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டுமே என்ற தவிப்பில் வாயில் வந்ததைச் சொன்னேன். “எனக்கும் ஊறின வட பிடிக்காது.”

“தெரியும்,” என்றாள். “மாத்திர முழுங்குகது மாதிரி முழுங்குவ. எனக்குத் தெரியாதா? என்னைக்காவது ஒரு நாள் வேண்டாம்னு சொல்லுவன்னுதான் கேட்டுக் கேட்டுப் பாத்தேன். இன்னைக்குத்தான் வந்து சொல்லுத. அதும் அவரு சொன்ன பின்ன.”

முந்தைய மூவரையும் அவன் இவன் என்றவள் இந்த ஆளை ‘அவரு’ என்றாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்காகத்தான் கலங்கியது என்று இன்றுவரை நம்புகிறேன். எழுந்துபோய்க் கழுவிய கையைத் துடைக்காமலே, தான் தங்கியிருந்த ஹாஸ்டல் பக்கம் நடந்து போனாள்.

பிறகும் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாள். முன்போலவே பேசினாள், நானும் பேசினேன். தட்டுக்கடைக்கு மட்டும் இருவரும் சேர்ந்து போகவில்லை. வேலை அதிகம் என்று ஆளுக்கொரு சாக்கு வைத்திருந்தோம். மூன்று மாதத்தில் கல்யாணப் பத்திரிகையை என் மேஜையில் வைத்து, கண்டிப்பாக வர வேண்டும், சாப்பிடாமல் போகக் கூடாது என்றாள்.

போனேன். பாறசாலையில் சபைக்குப் பக்கத்து மண்டபத்தில் விருந்து. இலை போட்டு வரிசையாகப் பரிமாறிக்கொண்டு வந்தார்கள். அவியல் வந்தது, எரிசேரி வந்தது, அன்னாசிப் பச்சடியோடு ஒருவர் என் இலை முன் குனிந்தார். தித்திப்பும் புளிப்புமாக அது எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. கையை நீட்டி மறைத்து, வேண்டாம் என்றேன். அவர் போய்விட்டார். இவ்வளவுதானா என்று இருந்தது.

பந்தி நடுவில் மணமக்கள் வரிசையாக விசாரித்துக்கொண்டு வந்தார்கள். வெள்ளைப் பட்டில் அவளை அடையாளம் தெரியவில்லை. ஆனால் பழக்கம் எங்கே போகும்? என் முன் வந்து நின்றவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. இலையைப் பார்த்தாள். பச்சடி இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

“பச்சடி பிடிக்காதா?”

“பிடிக்காது.”

“பின்ன என்ன பிடிக்கும்?”

“பப்படம்.”

இரண்டு வருடத்தில் அவளிடம் நான் எனக்கென்று கேட்ட ஒரே பொருள் அதுதான். அவள் பரிமாறுகிறவரைக் கைகாட்டி அழைத்து, கூடையிலிருந்து தானே நான்கு பப்படத்தை எடுத்து என் இலையில் வைத்தாள். “நல்லா தின்னுலே,” என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. கணவர் பக்கத்து வரிசைக்குப் போய்விட்டிருந்தார். அவளும் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் பார்க்கிறாரே என்று குனிந்து, நான்கு பப்படத்தையும் ஒவ்வொன்றாக நொறுக்கித் தின்றேன்.